அவள் காலுக்குக் கீழே ஒரு தகடு

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை. கல்லூரிக்குப் போயிருந்த மகள் வீடு திரும்பியபோது கையில் ஓர் அலுமினியத் தகடு இருந்தது. வலது குதிகாலில் கட்டு. தகட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல், "சாப்பிட என்னம்மா இருக்கு?" என்றாள்.

நான் தகட்டைப் பார்த்தேன். நடுவில் ஒரு கிழிசல். பிசைந்து வைத்த மாவைக் கீழிருந்து கட்டைவிரலால் குத்தியதுபோல உள்பக்கமாகக் குவிந்து பிளந்திருந்தது.

"கல்லும்மா. சின்னக் கல்லுதான்."

அவள் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. இருபத்தைந்து பேர் கொண்ட மாணவர் குழு ஒன்றில் இருக்கிறாள். அவர்கள் வேலை, கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டி ஒன்றைத் தாங்களே செய்து போட்டிக்குக் கொண்டுபோவது. மாணவர்கள் அதை ஏ.டி.வி. என்கிறார்கள். குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூண்டு, ஒரே ஒரு இருக்கை, பின்னால் சின்ன இன்ஜின், நான்கு குண்டு டயர்கள். இப்படிப்பட்ட மாணவர் போட்டி 1976இல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இந்தியாவுக்கு 2007இல் 'பாஹா' என்ற பெயரில் வந்தது. இந்தூருக்கு அருகிலுள்ள பீதம்பூரில் பல ஆண்டுகள் நடந்தது. அதைப் பார்த்து வேறு பல போட்டிகளும் முளைத்துவிட்டன. அப்படி ஒன்றுக்குத்தான் இவர்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

குழுவில் இரண்டு டிரைவர்கள். ஒருத்தி என் மகள். இது எனக்குத் தெரியும். வண்டி புதிதல்ல, சீனியர்கள் விட்டுப்போனது என்பதும், டயர்களில் பட்டன் தேய்ந்துவிட்டது என்பதும், டிரைவரின் காலுக்கும் தரைக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர் தகடுதான் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இனிமேல் நீ ஓட்ட வேண்டாம்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "சரிம்மா. நான் உட்காரலைன்னா இன்னொருத்தன் உட்காருவான். அவனுக்கும் வீட்டில் ஓர் அம்மா இருக்காங்க" என்றாள்.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அவளை இறக்கிவிட்டால் என் பயம் தீரும். தகடு அப்படியேதான் இருக்கும்.

நாங்கள் ஹவுராவில் சிப்பூர் பக்கம் குடியிருக்கிறோம். கணவருக்கு ரயில்வே வேலை. எனக்கு வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு, இடையிடையே பத்திரிகைக் கட்டுரை. படித்தது தமிழ் எம்.ஏ. ஸ்பானர் பிடித்த கையல்ல. ஆனால் என் அப்பா நாமக்கல்லில் லாரி டிரைவராக இருந்தவர். டயர் பற்றிய பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். வழியில் டீக்கு நிறுத்தும் இடத்திலெல்லாம் அப்பா ஓர் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பார். காற்று சரியாக இருந்தால் ஒரு சத்தம், இறங்கியிருந்தால் வேறு சத்தம். கல்கத்தாவுக்கு லோடு ஏற்றிப் போனால் திரும்ப இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரமும் அம்மா சரியாகத் தூங்கமாட்டார். அதன் பொருள் இப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை மகளிடம், "உங்கள் குழுவிடம் எவ்வளவு பணம் இருக்கிறது?" என்று கேட்டேன். "டயருக்கும் தகட்டுக்கும் சேர்த்து இருபத்திரண்டாயிரம்" என்றாள். "நானும் வருகிறேன்" என்றேன். இப்படித்தான் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு மொழிபெயர்ப்பாளர் ஏ.டி.வி. டயர் வாங்கப் புறப்பட்டார்.

*

முதலில் பெயரே சிக்கல். எல்லா நிலத்துக்குமான வண்டி என்பது அதன் ஆங்கிலப் பெயரின் பொருள். தமிழ் படித்தவர்களுக்கு நிலம் என்றால் ஐந்து. அந்த ஐந்தையும் வைத்தே டயர்களை வகைப்படுத்திவிடலாம் என்பது மகள் காட்டிய படங்களைப் பார்த்தபோது தெரிந்தது. குறிஞ்சிக்கு, அதாவது பாறைக்கு, பக்கச்சுவர் தடித்த டயர் வேண்டும். பாறை கிழிப்பது பெரும்பாலும் பக்கவாட்டைத்தான். முல்லையின் இறுகிய செம்மண் பாதைக்கு நெருக்கமான சிறு பட்டன்கள் போதும். மருதத்தின் சேற்றுக்கு ஆழமான பட்டன்கள், நடுவே அகன்ற இடைவெளி. இடைவெளி குறைந்தால் சேறு அப்பிக்கொண்டு டயர் மொட்டையாகிவிடும். நெய்தலின் மணலுக்குத் துடுப்பு போன்ற பட்டைகள் கொண்ட பின்டயர்கள். பாலை, வெயிலில் வறண்டுபோன குறிஞ்சியும் முல்லையும்தானே. அதற்குக் கல்லையும் புழுதியையும் தாங்குவது வேண்டும். ஐந்துக்கும் ஒரே டயர் கிடையாது. 'எல்லா நிலத்துக்கும்' என்று விற்கப்படுவது, எதிலும் மோசமாகிவிடாத ஒரு சமரசம்.

"போட்டி எந்த நிலத்தில்?" என்று கேட்டேன்.

"செம்மண், கல், ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றிச் செய்த சேறு."

அப்படியானால் நடுத்தரப் பட்டன். சேற்று டயர் வேண்டாம். அது கனம். கனம் ஏன் பிரச்சினை என்பதை மகள் விளக்கினாள். இதுபோன்ற போட்டிகளில் எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரி சின்ன இன்ஜின்தான். அவர்களுடையது பத்துக் குதிரைசக்தி. சட்டத்தில் கூடும் ஒரு கிலோவைவிட, சக்கரத்தின் விளிம்பில் கூடும் ஒரு கிலோ இன்ஜினுக்கு அதிகச் சுமை. அதை முன்னால் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். டயரின் உயரத்தைக் கூட்டுவதிலும் இதே வம்பு. ஓர் அங்குலம் உயரமான டயர் போட்டால் வண்டியின் அடிவயிறு அரை அங்குலம்தான் மேலே போகும். ஆனால் மேடு ஏறும்போது இன்ஜின் முக்கும்.

டயரின் பக்கவாட்டில் 22x7-10 என்று எழுதியிருந்தது. முழு உயரம் 22 அங்குலம், அகலம் 7, உள்ளே உட்காரும் ரிம் 10 அங்குலம். மோட்டார் சைக்கிள் டயரில் மில்லிமீட்டரும் சதவீதமும் கலந்து குழப்புவதைவிட இது எவ்வளவோ நேர்மையான கணக்கு.

*

ஹவுரா மைதானத்தில் மெட்ரோ ஏறினால் ஹூக்ளி நதிக்கு அடியில் புகுந்து சில நிமிடங்களில் எஸ்பிளனேட். 2024 மார்ச்சில் வந்த வசதி. அங்கிருந்து பஸ்ஸில் மல்லிக் பஜார். கல்கத்தாவின் பழைய வண்டிகளெல்லாம் உறுப்பு உறுப்பாகப் பிரிந்து மறுபிறவிக்குக் காத்திருக்கும் இடம் அது.

ஒரு கடைக்காரர் நாங்கள் தேடிய அளவிலேயே நான்கு டயர்களைக் காட்டினார். வெளிநாட்டுச் சரக்கு. கறுப்பாகப் பளபளத்தன. பட்டன்களின்மேல் ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. நான்கும் சேர்த்துப் பதினாறாயிரம். மகளின் முகம் மலர்ந்தது. எனக்கும் சபலம்தான். நல்லவேளையாக, அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

நாமக்கல்லில் போனை எடுத்த அப்பா விலையைக் கேட்கவில்லை. "தேதி பாத்தியா கண்ணு?" என்றார்.

டயரின் பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் பிறந்த டயர். நாங்கள் பார்த்த டயர்களில் 1116 என்றிருந்தது. ஓடாமல் சும்மா கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். இறுகும், பிடிப்பு குறையும், மடங்கும் இடத்தில் வெடிப்பு விடும். பக்கச்சுவரை விரலால் அழுத்தி விரித்தேன். பாலிஷுக்கு அடியில் முடி போன்ற கோடுகள். கடைக்காரரிடம் காட்டினேன். சிரித்துக்கொண்டே, "தீதி, நீங்கள் டயர் கம்பெனியா?" என்றார்.

"இல்லை, டிரைவர் மகள்" என்றேன். என் வங்காளியில் அது எப்படி ஒலித்ததோ, அவர் எங்களுக்கு டீ வரவழைத்தார்.

ஏ.டி.வி. டயர்கள் இந்தியாவிலும் தயாராகின்றன. பி.கே.டி. என்ற பெயரில் அறியப்படும் பாலகிருஷ்ணா இண்டஸ்ட்ரீஸ் அவற்றைச் செய்கிறது. ஆனால் அதன் சரக்கில் பெரும்பகுதி கடல் கடந்து போய்விடுகிறது. இங்கே தெருமுனைக் கடையில் ஸ்கூட்டர் டயர்போல அவை கிடைக்காது. சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். வேறொரு கடையில் விசாரித்ததில் புது டயர் ஒன்றுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. நான்கு வாங்கினால் முப்பதாயிரம். எங்களால் முடிந்தது இரண்டு.

இரண்டு என்றால் முன்னாலா, பின்னாலா?

இதில் தாத்தாவுக்கும் பேத்திக்கும் போனிலேயே சண்டை. லாரிக்காரர்களின் சட்டம் தெளிவானது. நல்ல டயர் முன்னால், ரீட்ரெட் செய்தது பின்னால். முன்டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப்போகும். "முன்னாடி பழசு போட்டா உசுருக்கு ஆபத்து. எஞ்சினீயருக்குப் படிக்கறவளுக்கு இது தெரியாதா?" என்றார் அப்பா.

மகளின் பதில் வேறு. லாரி டயரில் நூறு பவுண்டுக்கு மேல் காற்று. இந்த வண்டிக்கு ஏழு பவுண்டு போதும். வெடிக்கிற அளவுக்கு அதில் அழுத்தமே இல்லை. தள்ளுவது பின்சக்கரம். அங்கே பிடிப்பு இல்லையென்றால் மேடு ஏறாது. "ஆனால் தாத்தா, முன்டயரில் பட்டன் இல்லையென்றால் நான் திருப்புவேன், வண்டி திரும்பாமல் நேராகப் போகும். அது நீங்கள் சொல்கிற மாதிரியே ஆபத்துதான்" என்று பாதி வழி இறங்கியும் வந்தாள்.

சண்டையைத் தீர்த்தது பழைய டயர்களே. பட்டறை மூலையில் சீனியர்கள் ஸ்பேராக வைத்துவிட்டுப் போன இரண்டு டயர்கள் கிடந்தன. தேதி பார்த்தோம், மூன்று வயதுதான். பட்டன் முக்கால்வாசி இருந்தது. வெடிப்பு இல்லை. அவை முன்னால், புதியவை பின்னால் என்று முடிவானது. "சரி, முன்னாடியும் மோசமில்லையே" என்று அப்பா போனை வைத்தார். தோற்கவில்லை என்பது அவர் கணக்கு.

புது டயர் வந்த அன்று ஒரு கூத்து. பையன்கள் அவசரத்தில் பஞ்சர் கடையில் காற்றடிக்கக் கொடுத்தார்கள். அவர் பழக்கதோஷத்தில் ஸ்கூட்டருக்கு அடிப்பதுபோல் அடித்துவிட்டார். வண்டி ரப்பர் பந்துபோலத் துள்ளியது. ஏழு பவுண்டை ஸ்கூட்டருக்கான மீட்டரால் சரியாக அளக்க முடியாது. முள் அசைந்ததா இல்லையா என்பதே தெரியாது. குறைந்த அழுத்தத்துக்கென்று தனி மீட்டர் வேண்டும். அதை என் கணக்கில் வாங்கிக் கொடுத்தேன்.

*

இனி தகடு. இதற்கு நதியைத் தாண்ட வேண்டியதில்லை. ஹவுராவை ஒரு காலத்தில் கிழக்கின் ஷெஃபீல்டு என்பார்கள். அந்தப் பெருமை இப்போது மங்கிவிட்டாலும் பெலிலியஸ் ரோட்டுக்குள் நுழைந்தால் லேத்துகளின் ஓசை இன்னும் கேட்கிறது. நியூயார்க் தெருக்களில் பதித்திருக்கும் சாக்கடை மூடிகளில் பலவற்றை வார்த்தது இந்த ஊர்தான்.

நாங்கள் போன பட்டறை ஒரு தறிக்கூடம் அளவுதான் இருக்கும். மிஸ்திரிக்கு அறுபது வயது. அவர் என்னைப் 'பௌதி' என்றார். அண்ணி என்று பொருள். நான் அவரைத் 'தாதா' என்றேன். சென்னையில் அந்தச் சொல்லுக்கு வேறு மரியாதை. இங்கே வெறும் அண்ணன்.

கிழிந்த தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதன் மேல் யார் காலை வைக்கிறார்கள்?"

மகளைக் காட்டினேன். அவள் குதிகாலைப் பார்த்தார். வேறெதுவும் கேட்கவில்லை.

அந்தத் தகடு விதிகளை மீறியதல்ல. போட்டியின் விதிப் புத்தகம் டிரைவரின் இருக்கைப் பகுதி முழுதும் அடியில் மூடியிருக்க வேண்டும், துளைபோட்ட தகடு கூடாது என்கிறது. இது மூடியிருந்தது, துளையும் இல்லை. போன வருடம் பரிசோதனையில் தேறிய தகடுதான். கல் வரும்வரை எல்லாம் சரியாகவே இருந்தது.

மூன்று வழிகள் இருந்தன. இரும்பு, அலுமினியம், அல்லது கெட்டியான பிளாஸ்டிக் பலகை. பிளாஸ்டிக் பாறையின்மேல் வழுக்கிக்கொண்டு போகும், சிக்காது. ஆனால் நல்ல ரகம் விலை அதிகம். இரும்பு மலிவு, யாரும் பற்றவைக்கலாம். மகள் காகிதத்தில் கணக்குப் போட்டாள். நீளம் 1.2 மீட்டர், அகலம் 60 சென்டிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் இரும்பு என்றால் பதினோரு கிலோவுக்கு மேல். மூன்று மில்லிமீட்டர் அலுமினியம் ஆறு கிலோவுக்கும் குறைவு. அலுமினியம்தான் என்று முடிவாயிற்று.

எந்த அலுமினியம்? மகள் பாடப்புத்தகத்தைப் பார்த்து 6061 டி6 என்ற ரகத்தைச் சொன்னாள். பலத்தில் அதுதான் மேல். மிஸ்திரி மறுக்கவில்லை. அந்த ரகத்தில் ஒரு துண்டையும், 5052 என்ற ரகத்தில் ஒரு துண்டையும் எடுத்தார். இரண்டையும் வைஸில் வைத்துச் செங்குத்தாக மடக்கினார். பலமானது மடிப்பில் வெடித்தது. மற்றது மடங்கி நின்றது.

"உனக்கு விளிம்பை மேலே மடக்கி வேண்டும். மடக்காத தகடு ஆடும். இதை மடக்கினால் நீ பார்க்கிறதற்கு முன்னாலேயே பாதி உடைந்திருக்கும். கல் பட்டால் தகடு குழியலாம், கிழியக் கூடாது" என்றார். மகள் வெடித்த துண்டைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

பழைய தகட்டை ரிவெட் அடித்து வைத்திருந்தார்கள். இதற்கும் ரிவெட் போதாதா என்றாள் மகள். "ஹவுரா பாலமே ரிவெட்டில்தானே நிற்கிறது, தாதா?" உண்மைதான். 1943இல் திறந்த அந்தப் பாலத்தில் இருபத்தாறாயிரம் டன்னுக்கு மேல் இரும்பு. நட்டும் போல்ட்டும் இல்லாமல் ரிவெட்டால் இணைத்தது.

"பாலத்தைக் கழற்றிக் கழுவ வேண்டியதில்லை" என்றார் மிஸ்திரி.

இன்ஜினுக்கு அடியில் சேறு தங்கினால் கனம் கூடும், சூடும் கூடும். அதனால் அங்கே தனித் தகடு, நான்கு போல்ட்டில் கழன்று வர வேண்டும். ஆயில் இறக்கக் கை நுழைய ஒரு வாய். போல்ட்டின் தலை கீழே துருத்திக்கொண்டிருந்தால் முதல் கல்லே அதைச் சீவிவிடும். தகட்டில் குழி கடைந்து தலையை உள்ளே அமிழ்த்த வேண்டும். முன்விளிம்பு படகின் மூக்குபோல் மேல்நோக்கி வளைய வேண்டும். இல்லையென்றால் மண்வெட்டிபோல மண்ணை அள்ளும். அலுமினியமும் இரும்பு போல்ட்டும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரிக்கும். இடையில் ரப்பர் வாஷர். இத்தனையும் அவர் ஏட்டில் படித்ததல்ல.

தகட்டை அவர் 'சாதர்' என்றார். நாம் போர்த்திக்கொள்ளும் அதே போர்வைதான். வங்காளியிலும் இந்தியிலும் இரும்புத் தகட்டுக்கும் அதே சொல். பல வருடம் மொழிபெயர்த்திருக்கிறேன். எத்தனையோ முறை 'உலோகத் தகடு' என்று எழுதிக் கடந்து போயிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சொல் என் காதில் வேறு மாதிரி விழுந்தது.

கூலியும் சரக்கும் சேர்த்து ஐயாயிரத்து எண்ணூறு. மாணவர்கள் என்பதால் போல்ட்டுக்குக் காசு வாங்கவில்லை.

*

போட்டிக்கு நான் போகவில்லை. வெளிமாநிலம், கணவருக்கு லீவு இல்லை என்றெல்லாம் காரணம் சொன்னேன். உண்மையில் பார்க்கத் தைரியமில்லை. நான்கு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டும் கடைசிச் சுற்று நடந்த அன்று, ஒரு பக்கம்கூட மொழிபெயர்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். என் அம்மா இரண்டிரண்டு வாரமாக இருந்ததை நான் நான்கு மணி நேரம் இருந்தேன்.

அவர்கள் ஜெயிக்கவில்லை. இரண்டரை மணி நேரம் ஓடிய பிறகு பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் ஒன்று முறிந்தது. அதோடு சரி. டயர்கள் நான்கும் நின்றன.

கல்லூரிக்கு வந்திறங்கிய வண்டியைப் பார்க்கப் போனேன். பையன்கள் அதைப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினார்கள். அடித்தகடு முழுக்கக் கீறல். டிரைவரின் குதிகால் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, உள்ளங்கை அளவில் ஆழமான ஒரு குழி. கிழியவில்லை.

"இது எப்போ?" என்று மகளைக் கேட்டேன்.

"தெரியலைம்மா. எனக்கு எதுவும் தெரியலை."

அந்த நேரத்தில் ஓட்டியது அவளா, மற்ற பையனா என்றுகூட அவளுக்கு நிச்சயமில்லை. நான் குழியில் கையை வைத்துப் பார்த்தேன். என் அருகில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். அந்தப் பையனின் தாயார், பர்தமானிலிருந்து வந்திருந்தார். என்ன பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவரும் குனிந்து கையை வைத்துப் பார்த்தார்.